முதல் நாவல் எழுதிய முன்சீப்

நாவல் என்ற பெயரே தமிழில் புழங்காத காலம். பார்த்து எழுத முன்மாதிரி இல்லை. எப்படித் தொடங்குவது, எங்கே முடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. எழுதினால் படிப்பவர்கள் யார் என்பதும் தெரியாது.

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மனிதர் துணிந்து ஒரு நாவலை எழுதினார். அவர் பேனாவை நம்பிப் பிழைத்தவர் அல்ல. கோர்ட்டில் அமர்ந்து வழக்கு விசாரித்தவர். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்பது அவர் பெயர். 1879-இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருடைய நாவல்.

இன்று அண்ணாமலைநகரில் தமிழ் படிக்கிற மாணவர்கள் நாவல் வளர்ந்த கதையைப் படிக்கத் தொடங்கினால், முதலில் எதிர்ப்படும் பெயர் இதுதான். அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் வாழ்ந்த ஊர்களுக்கும் தூரம் அதிகம் இல்லை. சிதம்பரத்திலிருந்து தெற்கே கிளம்பிக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சீர்காழி. இன்னும் சற்றுத் தெற்கே சென்றால் மாயூரம். 1982 முதல் மயிலாடுதுறை என்று வழங்குகிற ஊர் அதுதான். இந்த இரண்டு ஊர்களிலும் அவர் முன்சீப்பாக இருந்தார்.

உத்தியோகம் பார்க்கிற ஒரு மனிதர், முன் அனுபவம் எதுவும் இல்லாமல், ஒரு மொழியின் முதல் நாவலை எழுதியது எப்படி? அதற்கு அவர் பட்ட பாடு என்ன? எதைப் படித்து, எதைக் கேட்டு அந்தத் திறமையைச் சேர்த்தார்?

குளத்தூர்ப் பிள்ளை

திருச்சிராப்பள்ளிக்கு அருகே உள்ள குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி வேதநாயகம் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம்.

அந்த நாளில் புத்தகம் என்பது எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருள் அல்ல. பெரும்பாலான தமிழ் நூல்கள் ஓலைச் சுவடிகளிலேயே கிடந்தன. அச்சுக்கூடம் வைக்க இந்நாட்டாருக்கு இருந்த தடைகள் 1835-இல்தான் நீங்கின. அப்பொழுது சிறுவன் வேதநாயகத்துக்கு வயது ஒன்பது.

ஆகவே அவர் தலைமுறைக்குப் படிப்பு என்றால் பாட்டு. இலக்கணம் பாட்டில் இருந்தது. நீதி பாட்டில் இருந்தது. நிகண்டு என்னும் அகராதியும் பாட்டில்தான் இருந்தது. ஆசிரியர் சொல்ல, மாணவன் மனப்பாடம் செய்வான்.

வேதநாயகத்துக்கு வாய்த்த ஆசிரியர் சற்று மாறுபட்டவர். தியாகராச பிள்ளை என்ற அந்த அறிஞர் தமிழோடு இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார். ஒரு கையில் குறளும் நீதி நூல்களும், மறு கையில் இங்கிலீஷ் வசன நூல்களும் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் மிகச் சிலர். அந்தச் சிலரில் இவர் ஒருவர்.

இந்த இரட்டைப் படிப்புத்தான் பிற்காலத்தில் அவரை ஒரு கேள்வியின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. இங்கிலீஷில் வசனமாக எத்தனையோ கதைகள் இருக்கின்றன. தமிழில் மட்டும் ஏன் இல்லை என்பதே அந்தக் கேள்வி.

கோர்ட்டே பள்ளிக்கூடம்

1848-இல் திருச்சி கோர்ட்டில் பத்திரங்களைக் காக்கும் வேலையில் அவர் சேர்ந்தார். இரண்டு ஆண்டில், அதாவது 1850-இல், மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

மொழிபெயர்ப்பாளர் வேலை என்றால் என்ன? நீதிபதி வெள்ளைக்காரர். வழக்காடுகிறவர்கள் தமிழர்கள். வயல் வரப்புச் சண்டை, பாகப் பிரிவினை, கடன் பத்திரம், ஜீவனாம்சம் என்று ஒவ்வொரு வழக்கிலும் ஒரு குடும்பத்தின் கதை இருக்கும். அழுகையும் ஆத்திரமுமாக ஜனங்கள் தமிழில் சொல்வதை, நீதிபதிக்கு விளங்கும்படி இங்கிலீஷில் தர வேண்டும். நீதிபதி இங்கிலீஷில் எழுதுவதைத் தமிழில் கொண்டுவர வேண்டும்.

இங்கே எதுகை மோனைக்கு வேலை இல்லை. ஒரு சொல் பிசகினால் ஒருவன் நிலம் போய்விடும். யார், யாருக்கு, எப்பொழுது, என்ன செய்தான் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிற்க வேண்டும். தெளிவான வசனத்தை எழுதப் பழக இதைவிட நல்ல இடம் அந்தக் காலத் தமிழ்நாட்டில் எது?

1857-இல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்கள் அந்தத் துறைமுகத்தை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்று அப்பொழுது 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்கிருந்து சீர்காழிக்கு மாற்றம். அதன் பிறகு மாயூரம்.

முன்சீப் ஆனபின் ஒரு குறை அவர் கண்ணை உறுத்தியது. கோர்ட்டில் வழங்கப்படும் நீதி ஜனங்களுக்காக. ஆனால் அந்தத் தீர்ப்புகள் ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் இருந்தன. மேல் கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது என்பது வழக்காடுகிறவனுக்கே தெரியாது.

அதற்காக அவர் ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். சதர் கோர்ட்டு என்று வழங்கிய அன்றைய மேல் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை செய்த தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் தந்தார். 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் அது வெளிவந்தது. சென்னையில் ஹைக்கோர்ட்டு தொடங்கிய ஆண்டும் அதுதான்.

அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தமிழில் எழுதிப் பார்த்த கை அது! நாவலுக்கு வேண்டிய வசனம் வளைந்து கொடுக்கப் பழகியது கதைப் புத்தகத்தில் அல்ல, இந்தச் சட்டப் புத்தகத்தில்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

பாட்டு என்னும் பெருந்தடை

ஆயினும் அவர் உள்ளம் பாட்டிலேதான் ஊறியிருந்தது. அந்தக் காலத்தில் எழுத்தாளன் என்றால் புலவன். எழுத்து என்றால் செய்யுள். வசனம் என்பது கடிதத்துக்கும் கணக்குக்கும் உரியது என்றே கற்றவர்கள் நினைத்தார்கள்.

வேதநாயகம் பிள்ளையின் நண்பரோ தமிழகத்தின் தலைசிறந்த புலவர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தலபுராணங்களாகப் பாடிக் குவித்த பெருங்கவிஞர். திருச்சியில் தொடங்கிய நட்பு, வேதநாயகம் பிள்ளை சோழநாட்டுக்கு வந்தபின் இன்னும் இறுகியது. அவர் சீர்காழியில் முன்சீப்பாக இருந்தபோதுதான் மகாவித்துவான் 'சீகாழிக் கோவை' பாடினார். பின்னர் மகாவித்துவான் மாயூரத்திலேயே குடியிருந்தார். வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்தும் அவர் ஒரு கோவை பாடினார்.

ஒருவர் சைவப் பழம், மற்றவர் கிறிஸ்தவர். நட்புக்கு அது குறுக்கே வரவில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகம் பிள்ளையின் அன்புக்கு உரியவர். தேசிகரைப் புகழ்ந்து இந்தக் கிறிஸ்தவ முன்சீப் பாடல்கள் இயற்றினார்.

இத்தகைய சூழலில் இருந்தவர் முதலில் எழுதியதும் செய்யுள்தான். 1850-களின் இறுதியில் 'நீதிநூல்' வந்தது. லஞ்சம் வாங்குகிற உத்தியோகஸ்தரையும் விடாமல் கண்டித்த நூல் அது. மகாவித்துவான் அதற்குச் சிறப்புப் பாயிரம் தந்தார். 1869-இல் 'பெண்மதி மாலை' வந்தது. பெண்களுக்குப் புத்தி சொல்லும் பாடல்களோடு, பெண் கல்வியை ஆதரித்து வசனத்திலும் அவர் எழுதிச் சேர்த்தார்.

இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பெண்களைப் படிக்க வைக்க வேண்டும் என்று வாதாட வந்தபோது, பாட்டு மட்டும் போதவில்லை. வசனத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. செய்யுளைப் பிரித்துப் பொருள் கண்டுகொள்ளப் புலமை வேண்டும். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்ணுக்கும், கடையில் கணக்கு எழுதுகிற ஆணுக்கும் அந்தப் புலமை ஏது? அவர்களை எட்ட வேண்டுமானால் வழி வசனம்தான்.

பழகிய செய்யுளை வைத்துவிட்டு, மதிப்பில்லாத வசனத்தைக் கையில் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. புலவர் சபையில் பெற்ற பெயரைப் பணயம் வைக்கிற காரியம் அது.

அண்டை ஊர்களில் வளர்ந்த வசனம்

வசனத்தைத் தேடியவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு சிலரும் அதே வேலையில் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1852-இலேயே பெரிய புராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். 1864-இல் அவர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூரில் பிறந்த ராமலிங்க வள்ளலார், 1854-இல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்ற வசன நூலைத் தந்தார். 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

நாவலர் சைவத்தை வளர்க்க வசனத்தைக் கையாண்டார். வள்ளலார் ஜீவகாருண்யத்தைப் பரப்பக் கையாண்டார். இருவர் எடுத்துக்கொண்டதும் முன்பே வழங்கிய புராணக் கதைகள். தாமாகவே ஒரு குடும்பத்தைக் கற்பித்து, அதன் பிறப்பு முதல் நடப்பு வரை வசனத்தில் சொல்லும் வேலை மட்டும் மிச்சம் இருந்தது. அது முன்சீப்புக்காகக் காத்திருந்தது.

இடையில் 1875-இல் சேஷையங்கார் என்பவர் 'ஆதியூர் அவதானி சரிதம்' எழுதினார். அது அந்தக் காலத்துக் குடும்பக் கதைதான். ஆனால் செய்யுளில் எழுதப்பட்டது. புதிய கதையைச் சொல்லத் துணிந்தவருக்கும் பழைய பாட்டை விடத் துணிவு வரவில்லை!

வேலை போயிற்று, பஞ்சம் வந்தது

1872-இல் வேதநாயகம் பிள்ளையின் உத்தியோக வாழ்க்கை முடிந்தது. மேலதிகாரியோடு ஏற்பட்ட மனத்தாங்கல் அதற்குக் காரணம். அப்பொழுது அவருக்கு ஏறத்தாழ 46 வயது. கௌரவத்தோடு நடத்திவந்த பதவி திடீரென்று கையை விட்டுப் போனால் யாருக்கும் மனம் நொந்துதான் போகும்.

அவர் மாயூரத்தை விட்டுப் போகவில்லை. அந்த நகரசபைக்குத் தலைவராக இருந்து ஊருக்கு உழைத்தார்.

அடுத்து வந்தது இன்னும் பெரிய சோதனை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றிப் பல உயிர்களைக் காத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளால் சிதம்பரத்தைப் பட்டி தொட்டியெல்லாம் பாட வைத்த கோபாலகிருஷ்ண பாரதியார், இந்தக் கொடையைப் பாராட்டி ஒரு கீர்த்தனமே பாடினார்.

1876-இன் தொடக்கத்தில் மகாவித்துவான் காலமானார். உத்தியோகமும் இல்லை, உயிர் நண்பரும் இல்லை, நாடெங்கும் பட்டினி.

இந்த இருட்டில் அவர் சோர்ந்து உட்காரவில்லை. எல்லா மதத்தாரும் பாடத்தக்க 'சர்வசமய சமரசக் கீர்த்தனை' 1878-இல் வெளிவந்தது. அந்தக் கீர்த்தனைகளில் சில இன்றும் சங்கீதக் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. அதற்கு அடுத்த ஆண்டில் வந்ததுதான் 'பிரதாப முதலியார் சரித்திரம்'.

நாவல் எழுதுவது எப்படி?

தமிழில் வசன நூல்கள் இல்லையே என்று எல்லாரும் வருந்துகிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதினேன் என்ற கருத்தை அவர் முகவுரையில் தெரிவித்தார். முன்பு செய்யுளில் சொன்ன நீதிகளைக் கதையாக நடத்திக் காட்டுவதும் அவர் நோக்கம்.

நோக்கம் சரி. வழி என்ன?

முதல் சிக்கல், கதையை யார் சொல்வது என்பது. புராணத்தில் முனிவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். வேதநாயகம் பிள்ளை அந்த வழக்கத்தை விட்டார். கதாநாயகன் பிரதாப முதலியே தன் கதையைத் தன் வாயால் சொல்கிறான். சத்தியபுரியில் செல்வர் வீட்டில் பிறந்ததையும், செல்லம் கொடுத்துக் கெட்டதையும் அவனே வேடிக்கையாகச் சொல்கிறான். கோர்ட்டில் நாள் முழுவதும் கேட்ட வாக்குமூலத்தின் சாயல் அதில் தெரிகிறது.

அவன் படித்த லட்சணத்தைப் பாருங்கள். பணக்காரப் பிள்ளையை அடிக்க உபாத்தியாயருக்குப் பயம். பிரதாபன் பாடத்தில் தப்புச் செய்தால், அவனுக்குப் பதிலாக உபாத்தியாயரின் மகன் கனகசபை அடி வாங்க வேண்டும்! சிரித்துக்கொண்டே படிக்கிற வாசகனுக்கு, பணத்தின் முன் நீதி எப்படி வளைகிறது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

இரண்டாவது சிக்கல், பாத்திரங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது. உலகத்தில் மனிதர்கள் இருக்கிறபடியே எழுதுவதா, இருக்க வேண்டியபடி எழுதுவதா? இங்கேதான் அவர் படிப்பு கைகொடுத்தது. டாக்டர் ஜான்சன் என்ற இங்கிலீஷ் அறிஞரின் கொள்கையைத் தழுவி, முக்கியமான பாத்திரங்களை நற்குணமே உருவானவர்களாக அமைத்ததாக அவர் தெரிவித்திருக்கிறார். மாயூரத்து மனிதர் நாவல் எழுத லண்டன் மனிதரிடம் யோசனை கேட்டிருக்கிறார்!

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. இத்தனை நீண்ட கதையை வசனத்தில் சலிக்காமல் எப்படி இழுத்துச் செல்வது? அதற்கு அவர் இங்கிலீஷ் நூல்களிடம் போகவில்லை. பாட்டி சொன்ன கதைகளிடம் போனார். மரியாதைராமன் கதைபோலத் தமிழ்நாட்டில் வாய்வழியாக வழங்கிய வேடிக்கைக் கதைகளை நாவல் முழுவதும் தூவினார்.

ஓர் உதாரணம். வழி தவறி விக்கிரமபுரி என்ற வேற்றூரை அடைகிற பிரதாபன், அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கிறான். கூலி பேசும்போது, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறான். எவ்வளவு கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று தைத்தவன் சாதிக்கிறான். வழக்காகிறது. பிரதாபன் சிறைக்குப் போகிறான்.

அவன் மனைவி ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் அவனைத் தேடி வருகிறாள். அரசன் இல்லாத அந்த ஊரில் பட்டத்து யானை அவளுக்கு மாலை போட, அவளே அரசன் ஆகிறாள். வழக்கு அவள் முன் வருகிறது. புதிய அரசன் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷமா என்று அவள் கேட்கிறாள். இல்லை என்று சொல்ல முடியுமா? சந்தோஷம் என்கிறான். கூலி தீர்ந்தது, வழக்கும் தீர்ந்தது!

யானை மாலை போடுவது பழங்கதை. ஆனால் அந்தச் சிம்மாசனத்தில் ஒரு படித்த பெண்ணை உட்கார வைத்து, கணவனைவிடப் புத்திசாலியாக நியாயம் தீர்க்க வைத்தது புதுக்கதை. பெண்மதி மாலையில் வாதமாகச் சொன்னதை இங்கே நடத்திக் காட்டிவிட்டார்.

கதைக்குள் ஒரு வழக்கு

முன்சீப் வேலை போனாலும், மனத்தில் இருந்த வழக்குகள் போகவில்லை. அவற்றை நாவலுக்குள் கொண்டுவந்தார்.

நீதிபதியும் தமிழன், வக்கீலும் தமிழன், கட்சிக்காரனும் தமிழன். அப்படியிருந்தும் வாதம் மட்டும் இங்கிலீஷில் நடப்பது என்ன நியாயம் என்று கதையின் நடுவே கேட்கிறார். தன் உயிரும் சொத்தும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே தெரியாமல் கட்சிக்காரன் கைகட்டி நிற்கிற பரிதாபத்தை எடுத்துக்காட்டுகிறார். சித்தாந்த சங்கிரகம் தொகுத்தவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு.

வசனத்துக்காகவும் கதைக்குள்ளேயே வாதாடுகிறார். தமிழில் பாட்டுச் செல்வம் குவிந்திருக்கிறது. ஆனால் ஐரோப்பிய மொழிகளில் இருப்பதுபோன்ற வசன காவியங்கள் இல்லாவிட்டால் ஜனங்கள் முன்னேறுவது எப்படி என்பது அவர் வாதம். நாவல் எழுதிக்கொண்டே, நாவல் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டிய நிலை அவருக்கு! முன்னே நடந்தவர் யாரும் இல்லாத பாதை என்றால் இப்படித்தான்.

குறைகள் இல்லையா?

உண்டு. இன்று எடுத்துப் படிக்கிறவர்களுக்கு அவை உடனே தெரியும்.

நல்லவர்கள் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருக்கிறார்கள். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து நீண்ட உபதேசம் செய்கிறார். கிளைக்கதைகளுக்குள் நுழைந்தால் மூலக்கதை எங்கே விட்டது என்று தேட வேண்டியிருக்கிறது. ஞானாம்பாளின் மனத்துக்குள் நடப்பது என்ன என்பதை ஆழ்ந்து காட்டும் இடங்கள் குறைவு.

மனித சுபாவத்தை உள்ளபடி காட்டும் வேலை அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-இல் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898-இல் வெளிவந்தது. நாவலுக்கு உரிய கட்டுக்கோப்பு இவற்றில் கூடி வந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ராஜமையர் பேனாவை எடுத்தபோது தமிழில் நாவல் எழுதலாம் என்பது தெரிந்த விஷயம். மூன்று நூல்களின் பெயரும் சரித்திரம் என்றே முடிவதைப் பாருங்கள். அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் முன்சீப்தான்.

நியாயாசனமும் நாவலும்

இன்னொரு வேடிக்கையும் கவனிக்கத் தக்கது. இந்தியாவின் தொடக்க கால நாவலாசிரியர்களில் கோர்ட்டு உத்தியோகஸ்தர்கள் பலர்.

வங்காளத்தில் 1865-இல் 'துர்கேச நந்தினி' எழுதிய பங்கிம் சந்திரர் டிப்டி மாஜிஸ்திரேட். மலையாளத்தில் 1889-இல் 'இந்துலேகா' எழுதிய சந்து மேனன், அப்பொழுது பரப்பனங்காடியில் முன்சீப். தமிழில் வேதநாயகம் பிள்ளை.

இது தற்செயல் அல்ல. இங்கிலீஷ் நாவல்களைப் படிக்கிற அளவு கல்வியும், மாதச் சம்பளத்தால் கிடைக்கிற மன அமைதியும் அந்த உத்தியோகத்தில் இருந்தன. அதைவிட முக்கியம், ஊர் ஜனங்களின் கஷ்டமும் கபடமும் நாள்தோறும் அவர்கள் எதிரே கூண்டில் ஏறி நின்று பேசின. படிப்பு ஒரு கண். கேள்வி ஒரு கண். இரண்டும் சேர்ந்தபோது நாவல் பிறந்தது.

கடைசி நாட்கள்

முதல் நாவலோடு வேதநாயகம் பிள்ளை நிறுத்தவில்லை. 1887-இல், அறுபது வயதைத் தாண்டியபின், 'சுகுண சுந்தரி' என்ற இரண்டாவது நாவலை வெளியிட்டார். குழந்தை மணத்தின் கொடுமையை அதில் கண்டித்தார். வயது ஏற ஏறப் பேனா ஓய்வதுதான் வழக்கம். அவருக்கோ கண்டிக்க வேண்டியவை இன்னும் மிச்சம் இருந்தன.

1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி அவர் காலமானார். அப்பொழுது வயது 62.

அவருடைய நட்பும் நயமும் நமக்குத் தெரியவந்ததற்கு ஒருவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மாயூரத்தில் மகாவித்துவானிடம் 1871-இல் மாணவராகச் சேர்ந்த இளைஞர் சாமிநாதன், பிற்காலத்தில் உ. வே. சாமிநாத ஐயர் ஆனார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு அவர் தலைவராக இருந்தார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதில் கலந்த கல்லூரிகளில் அதுவும் ஒன்று. தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதிய ஐயர், அதில் வேதநாயகம் பிள்ளைக்கும் நல்ல இடம் தந்தார். அந்த வரலாற்றையும் அவர் வசனத்தில்தான் எழுதினார். முன்சீப் எதற்காக வாதாடினாரோ, அந்த வசனம் அதற்குள் தமிழில் வேரூன்றி நின்றுவிட்டது.

பிரதாப முதலியார் சரித்திரம் பல பதிப்புகள் கண்டது. 2005-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பகலில் ஆபீஸ் வேலை, இரவில் எழுத்து என்று காலம் தள்ளுகிறவர்கள் இன்றும் நம்மிடையே ஏராளம். உத்தியோகம் எழுத்துக்குப் பகை என்று அவர்களில் பலர் நொந்துகொள்வதுண்டு. வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கை வேறு பாடம் சொல்கிறது. கோர்ட்டுக் கட்டுகளைப் புரட்டிய ஆண்டுகள் அவருக்கு வீண் போகவில்லை. வசனம் அங்கே கிடைத்தது, மனிதர்களும் அங்கேதான் கிடைத்தார்கள். படித்தது இங்கிலீஷ் நூலானாலும் பாட்டி கதையானாலும், தம் ஜனங்களுக்கு எது எட்டும் என்று பார்த்து எடுத்துக்கொண்டார். முழுமையாக வரும்வரை காத்திருந்தால் அந்த நூல் வந்தே இருக்காது. குறையோடு எழுதினார், அதனால்தான் அடுத்தவர்கள் நிறைவாக எழுத முடிந்தது.